பேரைத் திருப்பிக் கேட்கிறார்கள்

...அதுவும் ரெண்டே ரெண்டு வாரம், கூட்டினா பிள்ளை, கழிச்சா பிள்ளை இல்ல, இது என்ன கணக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது, என்று பல்லுக்குள் முனகிக்கொண்டே அவள் லென்ஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், கீறல் இல்லை, தூசி இல்லை, நடுவில் குறித்த சிவப்புப் புள்ளி மட்டும்தான், சரி, இதையாவது ஒழுங்காக வெட்டுவோம், வீட்டில்தான் எல்லாம் கோணல். ஏப்ரன் பையில் போன் கனத்தது. சத்தத்தை நிறுத்தித்தான் வைத்திருக்கிறாள், ஆனாலும் இப்போ அடிக்கும் இப்போ அடிக்கும் என்று தொடை காத்துக் கிடக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் முஃப்தி போய் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தைக் கேட்கப் போகிறார். முஃப்தி என்றால் நிஜ முஃப்தி இல்லை, மார்க்கத் தீர்ப்பு சொல்லப் படித்தவரும் இல்லை, கணவனோடு பிறந்த அண்ணன், குளியலறை டைல்ஸ் விற்கிற மனுஷன், எதற்கெடுத்தாலும் கூடும் கூடாது என்று ஒரு சட்டத்தை எடுத்து நீட்டுவதால் வீட்டில் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் அது. வைத்தவள் அவர் பெண்டாட்டியேதான். அந்த முஃப்தி போய், போன மாசம் இவளுக்கு வயிற்றிலேயே போய் விழுந்த பிள்ளைக்கு உயிர் ஊதப்பட்டிருந்ததா இல்லையா, வைத்த பேர் நிற்குமா நிற்காதா என்று கேட்டுக்கொண்டு வரப் போகிறார். கேட்டு வந்து என்ன செய்வார்? நிற்காது என்றால் பேரைத் திருப்பி வாங்கிக்கொள்வார். கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த பாத்திரம் பார், விருந்து நின்றுபோச்சு, குடு என்று வாங்கிப் போக.

மிஷினின் மூடியைத் திறந்து லென்ஸை இரண்டு பக்கமும் பிடிப்பில் சிக்கவைத்து மூடியைச் சாத்தினாள், பொத்தானை அமுக்கினாள், உள்ளே சக்கரம் சுற்றத் தொடங்கியது, தண்ணீர் பீய்ச்சியது, மேஜை உறுமியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கிற இந்த அறை ஒரு ஆளும் ஒரு ஸ்டூலும் திரும்பினால் முடிந்தது, சுவரோடு மேஜை, மேஜை மேல் மிஷின், மிஷினுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் நின்றால் வயிறு மேஜை விளிம்பில் ஒட்டும், ஒட்டாமல் நிற்க இடமே இல்லை. மிஷினுக்கு மேலே ஆணியில் நூல் கட்டி ஒரு லென்ஸ் தொங்குகிறது. பாதி வட்டமாகவும் பாதி பிரேமின் வடிவத்துக்கு வெட்டியும், பார்க்க யாரோ கடித்துவிட்டுத் துப்பின பிஸ்கட் மாதிரி இருக்கும். அவள் கெடுத்தது. முதலாளிதான் தொங்கவிட்டார், தினமும் கண்ணுல பட்டாத்தான் புத்தி வரும்மா என்றார். வெட்டிக்கொண்டிருக்கும்போது மிஷினை நடுவில் நிறுத்தினால் பிடிப்பு தளர்ந்துவிடும், மறுபடி ஓடவிட்டால் கோணம் மாறிவிடும், லென்ஸ் குப்பை, இது நேற்று வந்த ஆளுக்குக்கூடத் தெரியும். ஏன் நிறுத்துனே என்று அன்றைக்கு மூன்று தடவை கேட்டார், கரண்ட் போன மாதிரி இருந்துச்சு சார் என்று சொல்லிச் சமாளித்தாள். கரண்ட் போனா எனக்குத் தெரியாதாம்மா என்றார். அதுவும் நியாயம்தான். இப்போது மிஷின் ஓட ஓட அந்த லென்ஸும் நூலில் நடுங்குகிறது, தொலையட்டும், அதைப் பார்க்காதே, கையில் இருக்கிற வேலையைப் பார்.

நூற்றிருபது நாள் ஆனதும் ஒரு மலக்கு, வானவர், வந்து கருவுக்குள் ரூஹை, உயிரை ஊதுவார், அதற்கு முன்னால் அது சதை, அதற்குப் பின்னால் அது மனிதன், ஓதப் போகிற வயசிலேயே மனப்பாடம் அவளுக்கு. ஊதின பிறகு விழுந்தால் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பேர் வைத்து அடக்க வேண்டும். ஊதும் முன்னால் விழுந்தால் ஒரு துணியில் சுற்றி மண்ணுக்குள் வைத்தால் போதும். நல்லது, சட்டம் சட்டமாக இருக்கட்டும், அவள் அதோடு சண்டைக்குப் போகவில்லை, அல்லாஹ்வோடு அவளுக்கு என்ன வழக்கு? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்ன வாரங்களை விரல் விட்டு எண்ணி நூற்றிருபதைத் தாண்டிடுச்சு என்று சொன்னதே இந்த முஃப்திதான். நர்ஸ் பையன் என்றாள். தம்பி கப்பலில் இருக்கிறான், அப்பன் ஸ்தானத்துல நான்தான் நிக்கணும் என்று அவரே வாங்கிக்கொண்டார், மோட்டார் பைக்கில் பையில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னதற்கு, பையிலயா, அவன் என்ன காய்கறியா என்று சீறிவிட்டு, இரண்டு உள்ளங்கையிலும் அந்தச் சின்ன வெள்ளை மூட்டையை ஏந்திக்கொண்டு அடக்க ஸ்தலம் வரைக்கும் வெயிலில் நடந்தே போனார். பேர் என்ன வைக்க என்று கூட வந்தவர்கள் கேட்டபோது அழுதுகொண்டே தன் அப்பா பேரைச் சொன்னார். இறந்துபோன மாமனாரின் பேர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் வாயிலிருந்து தானாக வந்த பேர். வந்து இவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, அத்தா பேரை வெச்சிட்டேன்மா, தப்பில்லையே என்றார். இவளுக்கு அப்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. அந்த மனுஷனை எப்படித் திட்டுவது? திட்டாமலும் எப்படி இருப்பது?

அப்புறம் வந்தார்கள் ஆறுதல் சொல்ல. ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே பாட்டு, கவலைப்படாதே, உன் பிள்ளை சொர்க்கத்து வாசல்ல நிக்குது, உன்னை விட்டுட்டு உள்ளே போகமாட்டேன்னு அடம்பிடிக்கும், தொப்புள்கொடியைப் பிடிச்சு உன்னை உள்ளே இழுத்துக்கிட்டுப் போகும். நீ குடுத்துவெச்சவடி என்றாள் ஒருத்தி, என்னமோ சீட்டுக் குலுக்கலில் வீடு விழுந்தவளைப் பார்க்கிற மாதிரி. எரிச்சலாகத்தான் வந்தது அப்போது. எனக்குச் சொர்க்கம் கேட்டேனா, நான் கேட்டது பிள்ளையை, என்று கத்த வேண்டும் போல இருந்தது, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் ராத்திரியில், எல்லாரும் போன பிறகு, அந்தக் கொடி மட்டும் மனசில் தங்கிவிட்டது. இங்கே கத்திரியால் வெட்டின கொடி அங்கே நீளமாக, ஒரு சின்னக் கை அதன் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறது, மறு நுனி தன்னிடம்தான். பைத்தியக்கார நினைப்புதான், அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து குளித்தாள், சாப்பிட்டாள், மூத்த பெண்ணுக்குத் தலை பின்னினாள், வேலைக்குத் திரும்பினாள். சொன்னவர்களுக்குச் சொன்னதோடு முடிந்தது, கேட்டவளுக்கு அப்படியா? இப்போது அதே வாய்கள், அடடா, அப்போ நாள் பத்தலையாமே, ரூஹே வரலையாமே, அப்ப ஒண்ணும் பெருசா இல்லம்மா, விட்டுத்தள்ளு என்கின்றன. கொடுத்த சொர்க்கத்தையும் பிடுங்கியாச்சு. கொடியின் அந்த நுனியில் இப்போது யார், ஒரு ஆளும் இல்லையா, வெறும் கொடியா?

எல்லாம் அந்த வீடியோவால் வந்த வினை. முஃப்தி டைல்ஸ் கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் போனில் பிரசங்கம் கேட்பார். அதில் யாரோ சொல்லிவிட்டாராம், டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறார்கள், அப்போது கரு உண்டாகியே இருக்காது, ஆகவே அவர்கள் கணக்கில் ரெண்டு வாரம் கூடுதல், மார்க்கத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ராத்திரி சாப்பாட்டில் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, புதையல் எடுத்தவர் மாதிரி, நாம தப்பா எண்ணிட்டோம், ரெண்டு வாரம் கம்மி, நூத்திருபது ஆகவே இல்ல என்றார். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த மாமி, இவள் மாமியார், கரண்டியோடு அப்படியே நின்றாள், அப்போ பேரு, என்றாள். அங்கே இருக்கிறது சூட்சுமம். முஃப்தியின் பெண்டாட்டிக்கு மாசம் நெருங்கிவிட்டது, வயிறு இறங்கியிருக்கிற தினுசைப் பார்த்துப் பையன்தான் என்று மாமி அடித்துச் சொல்கிறாள், பையன் என்றால் வீட்டுக்காரர் பேர் வைக்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. ஆனால் மண்ணுக்குள் போன பிள்ளையின் பேரைப் பிறக்கிற பிள்ளைக்கு வைக்க அவளுக்குப் பயம். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே மாமி, ஒரே பேர் ரெண்டு பேருக்கு இருக்கக் கூடாதா என்று இவளே கேட்டுப் பார்த்தாள். இல்லதான்மா, எனக்குத் தெரியாதா, ஆனா மனசு கேக்கலையே என்றாள் மாமி. ஆக, மனசு கேட்காததால் மார்க்கத்தைக் கேட்கிறார்கள். போனது பிள்ளையே இல்லை என்று ஆகிவிட்டால் பேர் புத்தம் புதுசு, யாரும் உடுத்தாத துணி, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அதுகூடப் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த நாள் நடந்தது இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. டாக்டர் கணக்கு உதவாது என்றால் வேறு எந்தக் கணக்கு? கப்பல்காரன், இவள் புருஷன், ஆறு வாரம் லீவில் வந்திருந்தான், வந்த உடனே என்றால் நூற்றிருபது தாண்டும், கிளம்பும்போது என்றால் தாண்டாது, அப்படியானால் எந்த வாரம்? ஹாலில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் இவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், முஃப்தி தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பியைக் கேட்டார், ஒரு மார்க்க விஷயம், வெட்கப்படாம சொல்லு, உத்தேசமா எந்த வாரம்னு நெனைக்கிறே? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம், அதுவும் பிளக்காது. சரி, கேட்டவர் கேட்டார், அவர் அப்படித்தான், ஆனால் பதில் சொன்னானே அந்த மகராசன்! போனை வைண்ணே என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை, இருங்கண்ணே, யோசிக்கிறேன் என்று யோசித்து, ரெண்டாவது வாரமா இருக்கலாம், மூணாவதும் இருக்கலாம் என்று, இன்ஜின் ரூமில் எந்த வால்வு ஒழுகுகிறது என்று மேலதிகாரிக்குச் சொல்கிற குரலில் சொன்னான். மாமி வேறு, கல்யாணமான வீட்டுல இதுல என்ன வெட்கம் என்றாள். ராத்திரி அவனுக்குப் போட்டாள் ஒரு மெசேஜ், உங்களுக்கு அறிவிருக்கா என்று. மறுநாள் காலையில்தான் பதில் வந்தது, கடல் நடுவில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம், கிடைத்த கொஞ்சத்தில் அவன் சொன்னது, அண்ணன் நல்லதுக்குத்தான் கேக்கறார், நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. அலட்டிக்காதேயாம். என் வயிறு, என் ரத்தம், என் ராத்திரி, அதை மூணு பேர் சோபாவில் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கலாம், நான் அலட்டிக்கக் கூடாது.

மிஷின் நின்றது, லென்ஸை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள், வழுவழுப்பாக வந்திருக்கிறது, பிரேமுக்குள் அமுக்கினாள், கிளிக் என்று உட்கார்ந்தது, உலகத்தில் சில விஷயங்களாவது இருக்க வேண்டிய இடத்தில் உட்காருகின்றன. முன்னால் முதலாளி கூப்பிட்டார், ரிட்டயர்டு வாத்தியார் வந்திருக்கிறார், மூன்றாவது தடவை, கண்ணாடி கோணலா இருக்கு, கோணலா இருக்கு, இதையே சொல்கிறார். கண்ணாடியை மேஜையில் கவிழ்த்து வைத்தாள், இரண்டு காலும் சமமாகத் தொட்டன. பாருங்க சார், நேரா இருக்கு. மாட்டிக்கொண்டார், கோணல். பாரும்மா, கோணல். இருக்காதா, அவருடைய வலது காது இடது காதைவிட ஒரு விரல் அகலம் ஏறி இருக்கிறது, எழுபது வருஷமாக அந்தக் காதோடு வாழ்ந்திருக்கிறார், கண்ணாடியைக் குற்றம் சொல்கிறார். உங்க காது கோணல் சார் என்று சொன்னால் முதலாளி இன்னொரு லென்ஸை ஆணியில் தொங்கவிடுவார். உள்ளே எடுத்துப் போய்ச் சூடு காட்டி, ஒரு பக்கத்துக் காலைக் கொஞ்சம் வளைத்து, கோணலாக்கிக் கொடுத்தாள். இப்ப பாரு, எவ்வளவு நேரா இருக்கு, இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல என்று சந்தோஷமாகப் போனார். நல்லாயிருங்க சார்.

வாத்தியார் இறங்கின படியிலேயே அக்கா ஏறி வந்தாள். அக்கா என்றால் முஃப்தியின் பெண்டாட்டி, ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்தி, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் கண்ணாடி, ஸ்க்ரூ கழன்றுபோச்சாம். பொய், ஸ்க்ரூவைத் திருகிக் கழற்றி எடுத்து வந்திருக்கிறாள், பார்த்தாலே தெரிகிறது, தானாகக் கழன்ற ஸ்க்ரூ கைப்பைக்குள் பத்திரமாகத் தாளில் மடித்து வருமா? உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்தாள், முதலாளிக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினாள். அக்கா தாளைப் பிரித்து ஸ்க்ரூவை இவள் உள்ளங்கையில் கொட்டினாள். அப்புறம் அக்கா சொன்னாள், நான் கேக்கலடி. அந்தப் பேரு எனக்கு வேணும்னு நான் ஒரு நாளும் கேக்கல. தெரியும்க்கா என்றாள். வேற பேரு வைக்கலாம்னு சொன்னேன், நம்ம மாமி ஒரு நாள் முழுக்க சாப்பிடல. தெரியும்க்கா. நீ இப்படி தெரியும் தெரியும்னு சொல்றதுக்கு என்னை நாலு திட்டு திட்டலாம்டி. திட்ட வரவில்லை, திருப்புளியை ஸ்க்ரூவின் வெட்டில் வைத்துத் திருகினாள். அக்காவின் வயிறு துணிக்குள் ஒரு பக்கமாக மேடு தட்டி மறுபடி அடங்கியது, அக்கா தன்னையறியாமல் அந்த இடத்தில் கையை வைத்துத் தட்டிக் கொடுத்தாள், வாசலில் குரைக்கிற நாயை அடக்குகிற மாதிரி, சும்மா இருடா என்று. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவள் பார்க்காத மாதிரி இருந்தாள். எனக்கு ஒண்ணு மட்டும் பயம், என்றாள் அக்கா கிளம்பும்போது, இவனை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நீ திரும்பிப் பார்ப்பே. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள், வழுக்குது, பார்த்து இறங்குங்கக்கா என்றாள்.

திரும்பிப் பார்க்காமல்? பார்க்கத்தான் செய்வேன். ஹாலில் ஒரு பையன் தவழ்வான், அந்தப் பேரைச் சொல்லி மாமி கொஞ்சுவாள், முஃப்தி அதட்டுவார், பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், ஒவ்வொரு தடவையும்... சரி, அப்படியானால் விட்டுக் கொடுத்துவிடுகிறாயா, நாள் பத்தலை என்று ஒத்துக்கொள்கிறாயா? ஒத்துக்கொண்டால் ஒரு வகையில் நிம்மதிதான், சாகவில்லை, யாரும் சாகவே இல்லை, வலித்திருக்காது, பயந்திருக்காது, தேடியிருக்காது, ஒரு சதை நழுவியது, அவ்வளவுதான். சில நாள் விடியற்காலையில் அந்த நினைப்பு ஒரு வாய் தண்ணீர் மாதிரி இறங்கும். ஆனால் தொழுதுவிட்டுக் கை ஏந்தினால், என் மகன் என்று ஆரம்பித்த வாய் பாதியில் நிற்கிறது. இல்லாதவனுக்கு துஆ கேட்டால் அது எங்கே போகும்? டாக்டரம்மா இல்லாத ரெண்டு வாரத்தைச் சேர்த்துக்கொள்கிறாள், முஃப்தி இருந்த ரெண்டு வாரத்தைக் கழிக்கிறார், கப்பல்காரன் ரெண்டாவது மூணாவது என்கிறான், மாமி வயிற்றுச் சாய்வைப் பார்க்கிறாள், ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தர், ஒரே ஒருத்தர், உனக்கு என்னம்மா தெரியும் என்று என்னைக் கேட்டார்களா? அவனைச் சுமந்தது நான்தானே? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பேனே...

தொடையில் போன் அதிர்ந்தது. அடுத்த லென்ஸை மிஷினில் பூட்டி ஓடவிட்டுத்தான் எடுத்தாள், எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை, உடனே எடுக்கவும் தைரியமில்லை. எழுதின மெசேஜ் இல்லை, முஃப்தி பேசிப் பதிந்து அனுப்பின குரல், அவருக்கு டைப் அடிக்கப் பொறுமை கிடையாது, போனை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசுவார். பின்னால் செருப்புச் சத்தம், யாரோ சலாம் சொல்வது, தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். காதோடு வைத்துக் கேட்டாள். ஹஜ்ரத்கிட்ட கேட்டேன்மா, எல்லாத்தையும் சொன்னேன், டாக்டர் கணக்கு, தம்பி லீவு, எல்லாம். அவரு எனக்கு நல்லா குடுத்தாரு. ஒரு பொம்பளைப் பிள்ளையோட விஷயத்தை இப்படியா சந்தையில வெச்சு எண்ணுவீங்கன்னு கேட்டுட்டாரு. இங்கே ஒரு பெருமூச்சு. நாள்ல சந்தேகம்னா நீங்க எண்ணாதீங்க, சுமந்தவகிட்ட கேளுங்கன்றாரு, உள்ள அசைவு தெரிஞ்சுதா இல்லையா, அவ சொல்றதை ஏத்துக்கிட்டுப் பேசாம இருங்கன்றாரு. அதனால நீ சொல்றதுதான்மா. அசைஞ்சிருந்தா பேரு அவனுதுதான், நாங்க அதைத் தொடமாட்டோம், உங்க மாமிகிட்ட நான் பேசிக்கறேன். இல்லைன்னாலும் இல்லைன்னு சொல்லு. அவசரமில்ல. அப்புறம் வேறு குரலில், என்னை மன்னிச்சிரும்மா, கையில ஏந்தினவன் நானு, எனக்கே தெரிஞ்சிருக்கணும், என்றார். முடிந்தது.

கேட்டுவிட்டார்கள். ஒரு மாசமாக எதற்காகப் பல்லைக் கடித்தாளோ அதைக் கேட்டேவிட்டார்கள், சொல்லு இப்போ, முகத்தில் அடித்த மாதிரி சொல்லு. மேஜை உறுமிக்கொண்டிருந்தது, விளிம்பில் ஒட்டின வயிற்றுக்குள் அந்த உறுமல் இறங்கிக்கொண்டிருந்தது, தொங்குகிற லென்ஸ் நூலில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை. இதே இடத்தில், இதே மாதிரி நின்றுகொண்டு, உள்ளே, தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாக, ஏதோ ஒன்று. மூத்தவள் அசைந்தது நன்றாகத் தெரியும், அவள் கட்டிலில் படுத்திருக்கும்போது அசைந்தாள், வீடு முழுக்க அமைதி, சந்தேகத்துக்கு இடமே இல்லை. இவன், இவனா, அதுவா, மிஷின் ஓடுகிற இடத்தில், தண்ணீர்க் குழாய் துடிக்கிற மேஜையில், எது மேஜை, எது தான், எது அவன்? அன்றைக்குச் சிரித்தாளாக்கும், வயிற்றைக் கையால் மூடினாளாக்கும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், அதெல்லாம் இல்லை. இப்போது வேண்டுமென்றே வயிற்றை இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தாள். இதுதானா? இது இல்லை. இல்லை, இதுவும்தானோ? அன்றைக்கு இப்படி விடாமல் வரவில்லை, ஒரு தட்டுதான், அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எப்படித் தெரியும், மிஷின் ஓடிக்கொண்டிருந்ததே... இல்லை, ஓடவில்லை. நிறுத்தினாள். அன்றைக்குக் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது, லென்ஸ் பாதியில், கரண்டெல்லாம் போகவில்லை, எத்தனையோ வருஷமாக இந்த மேஜை இந்த வயிற்றில் அதிர்கிறது, ஒரு நாளாவது அதற்காக மிஷினை நிறுத்தியிருக்கிறாளா? மேஜை அதிர்ந்ததற்கா நிறுத்தினாள்?

ஆனால் நிறுத்தின பிறகு அசையவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் அது என்ன சாட்சி. தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நின்றாள், வரவில்லை. இப்போது 'ஆமா' என்று போனில் அடித்தாள். அழித்தாள். 'தெரியல' என்று அடித்தாள், அதைவிடப் பொய் வேறு இல்லை என்று பட்டது, அழித்தாள். தட்டினவன் மறுபடி தட்டவில்லை, அதற்காகத் தட்டவே இல்லை என்று ஆகிவிடுமா, வாசலில் சத்தம் கேட்டால் நாம் என்ன செய்வோம்... அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ. அன்றைக்கு, மிஷினை நிறுத்திவிட்டு, அந்த அமைதியில், அவள் வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டாள். யாரு, என்று. மெல்லத்தான் கேட்டாள். என்ன என்று கேட்கவில்லை, என்னது இது என்று கேட்கவில்லை. யாரு. கதவு சாத்தாமல் இருந்தது போல, முன்னால் முதலாளிக்குக் கேட்டுவிட்டது, யாரும்மா உள்ளே, யாருகிட்ட பேசறே என்றார். அதற்குப் பதில் சொன்னவளும் இவள்தான், யாருமில்ல சார் என்று. சொல்லிவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கினாள்.

போன் கையில் இருந்தது. முஃப்தியின் குரலை இன்னொரு தடவை கேட்போம் என்று தொட்டாள், விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் திறந்துகொண்டது, ஹஜ்ரத்கிட்ட கேட்டேன்மா என்று அந்தச் சின்ன அறை முழுக்க அவர் குரல் எழுந்தது, பதறிப்போய் அதை அணைத்தாள். முன்னாலிருந்து முதலாளி கேட்டார், யாரும்மா உள்ளே?

வாயைத் திறந்தாள். பழக்கமான பதில், நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது, ஒரு மூச்சில் சொல்லிவிட்டு லென்ஸைப் பார்க்கப் போயிருக்கலாம். யாரும்மா, என்றார் அவர் மறுபடியும். மிஷின் வெட்டி முடித்துத் தானாக நின்றது, மேஜை அடங்கியது, அவள் வயிற்றை விளிம்பிலிருந்து எடுக்காமல், திறந்த வாயோடு நின்றாள், அந்த 'யாருமில்ல' வரவில்லை.